தவில் சாம்பிள் வாங்குவோர் கவனத்திற்கு

இணையத்தில் ஒரு தவில் சாம்பிள் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்திருக்கிறேன். சாம்பிள் என்பது பாட்டில் எடுத்துச் சேர்ப்பதற்காகத் தனித்தனியாகப் பதிந்துவைத்த வாத்திய ஒலி. "24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகள், ஈக்யூ எதுவும் தொடாத நேரடி ஒலிப்பதிவு" என்று விவரத்தில் எழுதியிருந்தார்கள். வேவ் என்பது ஒலியைக் குறைக்காமல் வைக்கும் கோப்பு வடிவம்; ஈக்யூ என்பது ஒலியின் கனத்த, கூர்மையான பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி. கைக்கு வந்ததோ, அளவைச் சுருக்க ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிடும் எம்பி3 கோப்புகளை வேவ் ஆக மாற்றிய சரக்கு.

ஒரு கல்யாணப் பாட்டுக்காக வாங்கினேன். தவிலில் கழியால் அடிக்கும் பக்கமான தொப்பியில் கழி விழுவது காதுக்குக் கேட்கிறது, நெஞ்சில் இறங்கவில்லை. மறுபக்கமான வலந்தலையில், விரல்களில் மாட்டிய கூடுகள் விழும்போது வரவேண்டிய கூர்மை மழுங்கி, ஒவ்வொரு அடியைச் சுற்றியும் ஒரு சலசலப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் படமான ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்ததும் விஷயம் விளங்கியது. நொடிக்கு 96,000 முறை ஒலியை அளந்து பதியும் 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில், அதில் பாதியான 48 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை இடம் உண்டு. இதில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை; கத்தியால் அரிந்ததுபோல் முடிகிறது. தோல்வாத்தியத்தின் ஒலி மேலே போகப் போகத் தானாக மெலிந்து மறையும். மெல்லிய அடி, பலத்த அடி எல்லாம் ஒரே உயரத்தில் நின்றுவிடாது. நொடிக்கு 128 கிலோபிட் (128 கேபிபிஎஸ்) அளவுக்குச் சுருக்கிய எம்பி3 பெரும்பாலும் இந்த 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டித்தான் வெட்டும். கீழேயும் விட்டுவைக்கவில்லை: 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ் செங்குத்தான லோ கட், அதாவது கனத்த கீழொலிகளை வெட்டும் வடிகட்டி. தொப்பியின் கனம் அங்கேதான் போயிருக்கிறது.

விற்றவருக்கு எழுதினேன். "ஈக்யூவில் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. இசைத் தொழிலில் இருப்பவர் சொல்லக்கூடிய பதிலா இது? ஈக்யூ இருப்பதைக் கூட்டும், குறைக்கும், இல்லாததை உண்டாக்காது. கீழ் அதிர்வெண்களில் 12 டெசிபல் ஏற்றினால் மிச்சமிருக்கும் இரைச்சல்தான் ஏறும். மேல் அதிர்வெண்களை மொத்தமாக ஏற்றும் ஹை ஷெல்ஃப் போட்டால் அந்த எம்பி3 சலசலப்பு முன்னால் வந்து நிற்கும். லோ கட் போடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மற்ற வாத்தியங்களுக்கு இடம்விட நானும் தினமும் போடுகிறேன். ஆனால் எங்கே, எவ்வளவு வெட்டுவது என்பது பாட்டைப் பொறுத்தது. அதை வாங்கியவர் முடிவுசெய்ய வேண்டும். வெட்டிவிட்டு வெட்டவில்லை என்று விற்பது மோசடி.

டெமோவில் ஏன் தெரியவில்லை என்றால், அதில் நாதஸ்வரத்தையும் அதற்குச் சுருதி பிடிக்கும் ஒத்து வாத்தியத்தையும் தவிலின் மேல் படரவிட்டு, கூடத்தில் ஒலிப்பதுபோன்ற எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்பையும் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள். ஆகவே டெமோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தனி அடி ஒன்றை, ரிவெர்ப் இல்லாமல், விற்கிற அதே வடிவத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்துவிட்டு, இடது, வலது ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து மோனோவிலும் ஒருமுறை கேளுங்கள். செயற்கையாக அகலப்படுத்திய ஸ்டீரியோ என்றால் பெரும்பாலும் அங்கே ஒலி சுருங்கிப் பொள்ளலாகிவிடும். அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

"டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை" என்பது அவர்களுடைய கடைசிப் பதில். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித்தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. விவரப் பக்கத்தின் படம், ரசீது, ஸ்பெக்ட்ரோகிராம் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். தொகுப்பு இன்னும் அதே விவரத்தோடு விற்பனையில் இருக்கிறது.