இன்சேர்ட் அடுப்பும் அதன் ஃபானும்: பல குளிர்காலம் பாவித்த பிறகு

எங்கள் விறகு இன்சேர்ட்டில், அதாவது சுவரில் உள்ள பழைய கணப்படுப்புக்குள் தள்ளிப் பூட்டும் இரும்பு விறகடுப்பில், எனக்குள்ள பெரிய கோபம் அதன் ஃபான்தான். நல்லதெல்லாம் பிறகு சொல்கிறேன், முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

செங்கல் கணப்படுப்பின் வாய்க்குள் அந்த இரும்புப் பெட்டியைத் தள்ளிவிட்டால் அதன் முதுகு, தலை, இரண்டு விலா எல்லாம் சுவருக்குள் போய்விடும். அறைப் பக்கம் தெரிவது கண்ணாடிக் கதவும் அதைச் சுற்றியுள்ள சட்டமும் மட்டும். கண்ணாடி வழியே வருகிற வெக்கை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெட்டியின் மற்றப் பக்கங்களில் உள்ள சூட்டை வெளியே கொண்டுவர அடியில் இருக்கும் ஃபான் ஓடியே ஆகவேண்டும். கடையில் காட்டும்போது அதை மெல்லிய வேகத்தில் ஓட விடுவார்கள், சத்தமே கேட்காது. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டில் வெளியே மைனஸ் 20 என்றால் அதை முழு வேகத்தில் விட்டால்தான் ஹோல் தாண்டி அடுத்த அறைக்குச் சூடு போகும். அந்த வேகத்தில் அது போடும் இரைச்சலில் அம்மாவால் ஊரோடு ஃபோன் கதைக்க முடியாது. "அதைக் கொஞ்சம் நிப்பாட்டு தம்பி" என்பார். நிற்பாட்டினால் கொஞ்ச நேரத்தில் பின்னறை குளிரத் தொடங்கும், பிள்ளைகள் ஜாக்கெட்டோடு வந்து நிற்பார்கள், திரும்பவும் போடுவேன். மாலை முழுக்க இதுதான் நடக்கும்.

இரண்டாம் குளிர்காலத்தில் இரைச்சலோடு ஒரு கடகடப்பும் சேர்ந்துகொண்டது. ஃபான் பெட்டியின் இடது மூலையை ஒரு விரலால் அழுத்தினால் நின்றுவிடும், விரலை எடுத்தால் மறுபடி தொடங்கும். கழற்றிப் பார்த்தால் சிறகுகளில் பூனை மயிரும் நுண்சாம்பலும் தடிப்பாக ஒட்டியிருந்தன. தரையோடு ஒட்டிக் கிடக்கிற ஒரு ஃபான், அதுவும் சாம்பல் அள்ளும் இடத்துக்கு நேர் கீழே! வேறென்ன நடக்கும்? துடைத்து, எண்ணெய் விட்டு, பிறகு அதுவும் சரிவராமல் இருநூறு டொலருக்கு மேல் கொடுத்துப் புதியது மாற்றினேன். அடுத்த தை மாதம் அதே மூலை, அதே கடகடப்பு.

இவ்வளவுக்கும் பிறகுதான் போன இலையுதிர்காலத்தில் புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் டோர்ச் அடித்து மேலே பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "இங்கே தகடு இல்லையே, ஆர் பூட்டினது?" அதுவரை தகடு என்று ஒன்று இருக்கவேண்டும் என்றே எவரும் எங்களிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். பழைய கணப்படுப்பின் தொண்டையில் ஒரு இரும்பு மூடி இருக்கும். இன்சேர்ட்டின் புகைக்குழாயை, அதாவது கூரை வரைக்கும் போகிற ஸ்டெயின்லெஸ் லைனரை, உள்ளே விடுவதற்காக அந்த மூடியை வெட்டியோ கழற்றியோ எடுத்துவிடுவார்கள். குழாய் ஆறு அங்குலம், தொண்டை அதைவிட எவ்வளவோ அகலம். மிச்ச இடைவெளியை ஒரு தகட்டால் அடைத்து, அதற்கு மேல் தீப்பிடிக்காத ரொக் வூல் பஞ்சை வைக்கவேண்டும். அடைக்காமல் விட்டால் பெட்டியின் தலையில் உள்ள சூட்டில் பெரும்பங்கு குழாயைச் சுற்றி நேரே மேலே ஏறிப் புகைபோக்கிக்குள் போய்விடும். எங்களுடையது வீட்டின் வெளிச்சுவரில் நிற்கிற புகைபோக்கி. அதன் மூன்று பக்கமும் பனிதான். ஆகவே இத்தனை குளிர்காலமும் நாங்கள் எரித்த விறகில் எவ்வளவோ பங்கு வெளியில் நின்ற செங்கல்லைச் சூடாக்கியிருக்கிறது. மிஞ்சிய கொஞ்சத்தை அறைக்குள் இழுக்கத்தான் அந்த ஃபான் முழு வேகத்தில் கத்தியிருக்கிறது.

இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பூட்டியவர்கள் பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் லைனர் போட்டார்கள், சட்டத்தை வடிவாகப் பூட்டினார்கள், இன்ஷூரன்ஸுக்குத் தேவையான ஆய்வுப் பத்திரமும் எடுத்துத் தந்தார்கள், காசும் சொன்னபடி முழுதாக வாங்கினார்கள். ஒரு துண்டுத் தகடும் ஒரு மூட்டைப் பஞ்சும் மட்டும் போடவில்லை. பிறகு போய்க் கேட்டபோது "அது எல்லாருக்கும் போடுறதில்லை" என்றார்கள். வெளிச்சுவர்ப் புகைபோக்கி என்று அவர்களுக்குத் தெரியாதா? ஏணி வைத்து ஏறியதே அவர்கள்தானே.

தகடு போட்ட கதை சுருக்கமானது. இன்சேர்ட்டை வெளியே இழுத்து, தொண்டையின் அளவுக்கு இரும்புத் தகட்டை இரண்டு பாதியாக வெட்டி, நடுவில் குழாய்க்கு அரைவட்டம் அரைவட்டமாக எடுத்து, செங்கல்லோடு திருகாணியால் இறுக்கி, விளிம்பெல்லாம் சூடு தாங்கும் சிலிக்கனால் பூசினார் அந்தச் சுத்தம் செய்பவர். மேலே பஞ்சு. கண்ணாடி இழைப் பஞ்சு கூடாதாம், அதைப் பிணைக்கிற பசை அந்தச் சூட்டில் எரிந்து மணக்கும் என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஃபானை ஆகக்குறைந்த வேகத்துக்கு மேல் நான் திருப்பவில்லை. அந்த வேகத்தில் கடகடப்பு இல்லை. அம்மா அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டே ஃபோன் கதைக்கிறார். விறகும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மிச்சம்.

சரி, நியாயமாகவும் சொல்லவேண்டும். அடுப்பாக இது அருமையான அடுப்பு. 2013 டிசெம்பரில் ரொறன்ரோவை உறைமழை மூடி, நத்தார் நேரத்தில் நாட்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது எங்களிடம் இருந்தது வெறும் கணப்படுப்பு. முன்னால் இருப்பவனின் முகம் சுடும், முதுகு உறையும். அது எரிக்கிற விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் நின்றாலே பெரிய காரியம். இன்சேர்ட்டில் அப்படியில்லை. நன்றாகச் சூடேறியதும் காற்றை ஒடுக்கிவிட்டால், மேல்தட்டில் உள்ள துளைக் குழாய்களிலிருந்து காஸ் அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் சுடர் இறங்கும். அங்கே எரிவது விறகல்ல, புகை. அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. இரவு பத்துக்கு மூன்று தடித்த கொள்ளி போட்டால் காலையில் சாம்பலைக் கிளற ஆரஞ்சு நிறத் தணல் கிடக்கும், தீக்குச்சி தேவையில்லை.

ஆனால் விறகு காய்ந்திருக்கவேண்டும். "காய்ந்தது" என்று சொல்லித்தான் எல்லாரும் விற்கிறார்கள், அதை நம்பாமல் ஈரமானி ஒன்று வாங்கி, கொள்ளியைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். 20 வீதத்துக்கு மேல் காட்டினால் கண்ணாடி கறுக்கும், குழாயில் தார் படியும். இங்கே ஆஷ் மரம் நல்லது. 2002இல் இங்கே முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்ட மரகத வண்டு ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டிருப்பதால் அது தாராளமாகக் கிடைக்கிறது, வெட்டும்போதே ஈரமும் குறைவு. வண்டு பரவும் என்பதால் விறகைத் தூர இடத்திலிருந்து கொண்டுவரக் கூடாது.

இப்போது பீற்றர்பரோ பக்கம் பழைய வீடு வாங்கியிருக்கும் நண்பன் கேட்கிறான், "மச்சான், போடலாமா?" என்று. படம் அனுப்பியிருந்தான். வெளிச்சுவர்ப் புகைபோக்கி. அங்கே கரண்ட் அடிக்கடி போகுமாம், அதற்காகத்தான் விறகடுப்பே யோசிக்கிறானாம். மொன்றியலில் சாதாரண நாளில் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் விறகடுப்பை எரிக்கத் தடை, ஆனால் கரண்ட் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் எந்த அடுப்பையும் எரிக்கலாம் என்று சட்டத்திலேயே விலக்கு வைத்திருக்கிறார்கள். விறகடுப்பின் பெறுமதி தெரிவது அப்படியான இரவில்தான். அந்த இரவில்தான் இன்சேர்ட்டின் ஃபானும் ஓடாது. தகடு போட்ட பிறகு எங்களுடையது ஃபான் இல்லாமலும் ஓரளவு சூடு தருகிறது, ஓரளவுதான்.

ஆகவே அவனுக்கு என் பதில், வேண்டாம். கணப்படுப்பின் முன் கல்தரை போதிய அகலம் இருந்தால் அதன்மேல் தனியாக நிற்கும் விறகடுப்பை வை. நாலு பக்கமும் அறைக்குள் இருக்கும், ஃபான் இல்லாமலே வீடு சூடாகும், லைனரை அதே புகைபோக்கிக்குள் விடலாம், தகடு அதற்கும் தேவை. இல்லை, இன்சேர்ட்தான் வேண்டும் என்றால், பூட்ட வருபவரிடம் தகட்டை விலைப்பத்திரத்தில் எழுதச் சொல். பூட்டியபின் கண்ணால் பார். பார்க்கும்வரை கடைசித் தவணைக் காசைக் கொடுக்காதே. விறகை மட்டும் இந்த வசந்தத்திலேயே வாங்கிப் பிளந்து, வெயிலும் காற்றும் படும் இடத்தில் அடுக்கிவிடு. ஓக் என்றால் இரண்டு கோடை தேவை, ஆஷ் ஒரு கோடையில் தயார்.