ஆவாரங்கன்று: கடலோரத் தோட்டத்துக்கு வாங்கலாமா?

மண்ணெல்லாம் மணல், நாள் முழுக்க உப்புக்காற்று, தண்ணீர் ஊற்றவும் ஆளில்லை, ஆனாலும் வாசலில் பூ வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆவாரையைத்தான். செடிக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண். நர்சரிகளில் அதை விற்கிற விதத்துக்கு மூன்றுகூட அதிகம். நல்ல செடியாக இருந்தும் பலருக்கு இது பிழைக்காமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உயரமான கன்றைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஆவாரை வறட்சியைத் தாங்குவதே ஆழமாக இறங்கும் ஆணிவேரால்தான். அந்த வேருக்குச் சின்ன பாலித்தீன் பையில் எங்கே இடம்? ஒரு நர்சரியில், பூவோடு நின்ற பெரிய கன்று ஒன்றை வாங்கிவந்து பையைக் கிழித்துப் பார்த்தேன்: ஆணிவேர் அடியில் போய் முட்டி, திரும்பி, தன்னையே சுற்றிக்கொண்டு கெட்டியான வளையமாகிக் கிடந்தது. அப்படி வளைந்த வேர் நிலத்தில் வைத்தாலும் நேராவதில்லை. மேலே பச்சையாக இருக்கும், முதல் கோடையில் வாடிவிடும், வாங்கியவர் ‘இந்தச் செடி நம்ம மண்ணுக்கு ஒத்துவரலை’ என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாத, பையின் அடித்துளையில் இன்னும் வேர் எட்டிப்பார்க்காத கன்றாகப் பார்த்து வாங்குங்கள். பூ இல்லாவிட்டால் பரவாயில்லை, இல்லாமல் இருப்பதே நல்லது.

அப்புறம், கொடுக்கிறது ஆவாரைதானா என்று பாருங்கள். மஞ்சளாகப் பூக்கிற எதையும் இந்தப் பெயரில் தள்ளிவிடுகிறார்கள். அடையாளம் சுலபம்: இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னக் காது மடல்போலப் பச்சையாக அகன்ற இலையடிச் செதில்கள் இருக்கும். இலையின் மேல்பக்கம் நடுக்காம்பைப் பார்த்தால், ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவில் குச்சி மாதிரி ஒரு சுரப்பி நிற்கும். பேயாவாரைக்கு இது காம்பின் அடியில் ஒன்றுதான், கசக்கினால் நாற்றமும் அடிக்கும். பூ இல்லாத கன்றில்கூட இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

என்னைக் கேட்டால் கன்றைவிட விதை மேல். வேர் எங்கேயும் முட்டாமல் நட்ட இடத்திலேயே நேராகக் கீழே போகும். விதைத்தோல் கடினமானது, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கல்லு மாதிரி கிடக்கும். உப்புத்தாளில் லேசாக உரசிவிட்டு, அல்லது கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவை முளைக்கும், உப்பாதவற்றை மறுபடி உரசுங்கள்.

நடுகிற இடம்தான் முக்கியம். அலைக்கு நேர் எதிரே, மணல் நகர்ந்துகொண்டே இருக்கும் முதல் வரிசை இதற்கான இடமில்லை. அங்கே அடும்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான் நிற்கும், மணலைப் பிடித்து வைப்பதும் அவைதான். ஆவாரை அவற்றுக்குப் பின்னால், ஒரு மதிலோ வேலியோ காற்றின் வேகத்தைக் கொஞ்சம் உடைக்கும் இடத்தில், முழு வெயிலில் இருக்கட்டும். நிழலில் வைத்தால் நெட்டையாக வளர்ந்து பூவில் கஞ்சத்தனம் காட்டும். குழியில் மட்கிய எரு ஒரு கை, அவ்வளவு போதும். எருவை அள்ளிக் கொட்டினால் இலையாகத் தழைத்துக் கிளை சாய்ந்து நிற்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், வறட்சியில் சாகாத செடி அங்கே செத்துவிடும்.

‘வறட்சி தாங்கும்’ என்று எழுதி விற்பதைப் படித்துவிட்டு முதல் வருஷமே தண்ணீரை நிறுத்துகிறவர்கள் ரொம்பப் பேர். வேர் இறங்கின பிறகுதான் அந்தப் பேச்சு. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, அதனால் முதல் கோடை முடியும்வரை சில நாட்களுக்கு ஒருமுறை நின்று நிதானமாக ஆழ ஊற்றுங்கள், தூரைச் சுற்றிக் காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேரும் மேலாகவே நின்றுவிடும். இலை ஓரம் கருகினால் உடனே நோய் என்று மருந்து அடிக்க வேண்டாம், உப்புப் படிந்ததாக இருக்கலாம். நல்ல தண்ணீரில் இலையைக் கழுவிவிட்டுப் புதுத் துளிர் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

இத்தனைக்கும் கூலி பூதான். கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பளிச்சென்ற மஞ்சள், ஒவ்வொரு பூவும் ஐந்து சென்டிமீட்டர் அகலம் இருக்கும். காலையில் பக்கத்தில் நின்று பாருங்கள்: பெரிய கரிய தச்சுத் தேனீ வந்து மகரந்தப்பைகளைக் கட்டிப்பிடித்து, சிறகை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். ர்ர்ர் என்று ஒரு சத்தம், பையின் நுனியிலுள்ள துளை வழியாக மகரந்தம் தெறித்து அதன் வயிற்றில் அப்பும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தத்துக்காகவே இவ்வளவு உழைப்பு. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

குறைகளும் உண்டு. வாசனையை எதிர்பார்க்காதீர்கள். காய்ந்த தட்டைக் காய்கள் காகிதம் மாதிரி ரொம்ப நாள் தொங்கும், சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு அது உறுத்தும். எமிக்ரன்ட் வகை வண்ணத்துப்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னும், அதைக் குறையில் சேர்க்க எனக்கு மனமில்லை. செடி மறுபடி துளிர்த்துவிடும், மருந்தடித்தால் வண்ணத்துப்பூச்சியும் போய்விடும். அவரைக் குடும்பம், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று விற்கிறார்களே, அதை நம்பி வாங்க வேண்டாம். ஆவாரை சேர்ந்த சென்னா இனச் செடிகளில் பொதுவாக வேர்முடிச்சு உண்டாவதில்லை.

இது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி என்பதையும் மறக்க வேண்டாம். வேறு நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் இதைத் தேடி அலைவதைவிட, அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த புதர் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் வெஸ்ட்ரிங்கியா அப்படி ஒன்று.

நான்கைந்து அடிக்கு மேல் வளர்ந்து அடிப்பகுதி மொட்டையாகத் தெரிந்தால், பூ ஓய்ந்ததும் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள், தயங்க வேண்டாம். வெட்டின இடத்துக்குக் கீழிருந்தே துளிர்த்து அடர்த்தியாக வரும். தொட்டியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை கடைசிவரை உங்களுடையது.