செல்ஃப் எடுக்கவில்லையா? ரிலேயை மாற்றுவதா, மீட்டர் வைப்பதா, பல்பு வைப்பதா?

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. உடனே எல்லார் கையும் ஸ்டார்ட்டர் ரிலேக்குத்தான் (சாவியின் சிறு கரண்டில் இயங்கி, செல்ஃபுக்குப் பெரிய கரண்டை விடும் சுவிட்ச்) போகும். அதற்கு முன் காதைக் கொடுங்கள். டக டகவென்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். ரிலேயைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு 'டக்' என்றால் பெரும்பாலும் ரிலேயின் காயில் (காந்தச் சுருள்) வேலை செய்கிறது. சந்தேகம் பாயிண்ட் (ரிலேக்குள் கரண்டைச் சேர்க்கும் தொடுமுனை), சொலினாய்டு (ஸ்டார்ட்டரில் உள்ள பெரிய காந்த சுவிட்ச்), மோட்டார் மேல். சத்தமே இல்லையென்றால் காயிலுக்கே கரண்ட் வராமல் இருக்கலாம்: கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரல் சுவிட்ச், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு).

ஹாரன் ரிலேயைக் கழற்றி ஸ்டார்ட்டர் இடத்தில் மாட்டிப் பார்ப்பது காசில்லாத வழி. மேலே அச்சிட்ட எண் ஒன்றாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். நான்கு கால் என்பதால் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில் விடுவது) இருக்கும், காலின் திசை மாறினால் அதுவும் போய் ஃபியூஸும் போகும். இந்த வழியில் ஒரு ஏமாற்று உண்டு. கழற்றி மாட்டும் உரசலிலேயே பின்னில் இருந்த பச்சைக் களிம்பு விலகி வண்டி எடுத்துவிடும், பழி பழைய ரிலே மேல் விழும். எடுத்துவிட்டால் பழைய ரிலேயையே திரும்ப மாட்டுங்கள். அப்போதும் எடுத்தால் கோளாறு சாக்கெட்டில். 30 என்று எண்ணிட்ட காலை (பேட்டரி கரண்ட் வரும் கால்) சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மல்டிமீட்டரால் காயிலைச் சோதிக்கலாம்: காயிலின் இரு முனைகளான 85, 86 கால்களுக்கு நடுவே பொதுவாக 50 முதல் 120 ஓம் வரை காட்டும். பாயிண்ட்டைச் சோதிக்க அதை நம்பாதீர்கள். கருகிய பாயிண்ட் 0.3 ஓம் காட்டினால், மீட்டர் ஒயரின் ஓமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 'நல்லது' என்று விட்டுவிடுவோம். சொலினாய்டு 15 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 0.3 ஓமிலேயே 4.5 வோல்ட் காணாமல் போகும். வோல்ட் அளந்தாலும் இதே கதை. மீட்டர் இழுக்கும் கரண்ட் இல்லாததற்குச் சமம். அரித்துப்போய் ஒற்றை இழையில் தொங்கும் ஒயரிலும் 12 வோல்ட் காட்டும்.

அங்கேதான் பல்பு ஜெயிக்கிறது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இரண்டு ஒயர், ஒரு முதலை கிளிப் போதும். அது 1.75 ஆம்பியர் இழுப்பதால் அரித்த ஒயர் உடனே மாட்டிக்கொள்ளும்: பல்பு மங்கும். கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் போட்டு, ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் 30ஐ பல்பின் மறு ஒயரால் தொடுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். எரிந்தால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இரண்டையும் உறுதி செய்துகொண்டு, 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட தடித்த ஒயரால் 30ஐயும் 87ஐயும் (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும் கால்) ஒரு கணம் இணையுங்கள். மோட்டார் சுற்றினால் ரிலேக்குப் பின்னால் எல்லாம் சரி. சுற்றவில்லையென்றால் புது ரிலே வாங்குவது வீண் செலவு. இந்த இணைப்பு கிளட்ச் சுவிட்சைத் தாண்டிப் போகிறது. கியரில் இருந்தால் வண்டி பாயும்.

மீட்டருக்கு உரிய வேலை செல்ஃப் சுற்றும்போதுதான். ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, நிதானமாக அளக்கலாம். பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள். நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக் வரை 0.3ஐத் தாண்டினால் எர்த். முனை என்றால் ஈய முனையேதான், அதைக் கவ்விய கிளாம்ப் அல்ல. கிளாம்ப்பில் வைத்தால் அதற்கடியில் படிந்த வெள்ளைப் பொடி கணக்கில் வராது.

பல்பால் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. புது வண்டிகளில் ரிலே காயிலின் ஒரு முனையை ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஓட்டுகிறது. கால் ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும் காயிலுக்காக அதற்குள் வைத்த டிரைவர் சர்க்யூட் அது. 21 வாட் பல்பு அதை எரித்துவிடலாம். அந்த ஒயருக்கும் மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்களுக்கும் பல்பு வேண்டவே வேண்டாம். காயில் ஒயருக்கு மீட்டர் போதும்; ஏர்பேக் ஒயரில் அதையும் வைக்காதீர்கள்.