டவுன்ரிகருக்கு ஸ்டீல் கேபிளா, பிரெய்டு நூலா? பல சீசன் ஓட்டிய அனுபவம்

டவுன்ரிகர் என்பது, ஓடும் படகிலிருந்து கனமான குண்டைக் கட்டித் தூண்டிலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கும் கருவி. அந்தக் குண்டைத் தாங்க ஸ்டீல் கேபிள், பிரெய்டு (பின்னிய செயற்கை இழை நூல்) இரண்டையும் பல சீசன் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது என் படகில் இருப்பது 200 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு. திரும்ப ஸ்டீலுக்குப் போகும் எண்ணம் இல்லை. அதற்காக எல்லோரும் பிரெய்டுதான் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் சத்தம். நாலரை கிலோ குண்டை ஆழத்தில் இறக்கி ட்ரோலிங் (படகை மெதுவாக ஓட்டித் தூண்டிலை இழுத்துச் செல்வது) போகும்போது, விறைப்பாக நிற்கும் ஸ்டீல் கேபிள் தண்ணீரை வெட்டிக்கொண்டு ரீங்காரமிடும். டவுன்ரிகரின் கம்பத்தில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். பிரெய்டில் அது பெருமளவு அடங்கிவிடுகிறது. அதனால் மீன் கூடுதலாக விழுகிறதா என்று கேட்டால் அடித்துச் சொல்ல முடியாது. நாள் முழுக்கப் படகில் இருப்பவருக்கு நிம்மதி, அது உறுதி.

ஆனால் என்னை மாற வைத்தது சத்தம் இல்லை, கேபிளில் விழும் மடிப்பு. குண்டு தரையில் தட்டியதும் கேபிள் ஒரு நொடி தளர்ந்து சின்ன வளையம் விழும். மறுபடி இழுவை வந்ததும் அந்த வளையம் அப்படியே இறுகிவிடும். அதை நிமிர்த்தினாலும் பழைய பலம் வராது. அறுந்தால் அங்கேதான் அறும். அதற்கு முன்பே, முறுக்கிய இழைகளில் ஒன்று தெறித்து ஊசி போல நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலில் ஏறும்போதுதான் தெரியும். ஸ்டீல் வைத்திருப்பவர்கள் அவ்வப்போது பழைய பருத்தித் துணியால் கேபிளைத் தளர்வாகப் பிடித்து மெதுவாகச் சுற்றி ஏற்றுங்கள். துணி மாட்டும் இடம் வரை வெட்டிவிட்டு, புது கிரிம்ப் (கேபிள் நுனியை நசுக்கிப் பிடிக்கும் உலோகக் குழாய்) போடுங்கள்.

பிரெய்டுக்கு கிரிம்ப் கருவியே வேண்டாம். முடிச்சு போடத் தெரிந்தால் போதும், நடுக்கடலிலும் சில நிமிடங்களில் குண்டைத் திரும்பக் கட்டிவிடலாம். துரு என்ற பேச்சும் இல்லை.

சரி, பிரெய்டின் பலவீனம் எது? உராய்வு. பாறைத் தரையை ஒட்டி ஓட்டுபவர்கள் குண்டுக்கு மேலே உள்ள சில மீட்டரைத் தடவிப் பாருங்கள். பஞ்சு பறந்து மயிர் மயிராக நிற்கும். நான் அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டி எறிந்துவிடுவேன். ஸ்டீல் ஓடிய பழைய கப்பியிலேயே பிரெய்டை ஓட்டுவதும் கூடாது. கேபிள் அறுத்த பள்ளம் அதில் கூராக இருக்கும், நூலைச் சீவிவிடும். அப்புறம், வெறும் ஸ்பூலில் பிரெய்டு வழுக்கும், அதனால் நுனியை ஸ்பூலின் துளையில் கோத்துக் கட்டி, இழுவை கொடுத்துச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று கீழே புதைந்து, இறக்கும்போது சிக்கிக்கொள்ளும். ஸ்பூல் நிரம்பும் அளவு மாறினால் ஆழம் காட்டும் கவுண்டரும் தப்பாகக் காட்டும். நூலை அளந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

'பிரெய்டு போட்டால் குண்டு பின்னால் தள்ளிப் போகாது' என்று பலர் சொல்கிறார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீரின் இழுவை நூலின் பருமனைப் பொறுத்தது. 150 பவுண்டு ஸ்டீலும் 200 பவுண்டு பிரெய்டும் பருமனில் கிட்டத்தட்ட ஒன்றுதான். நூல் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால், 30 மீட்டர் விட்டாலும் குண்டு இருப்பது சுமார் 26 மீட்டரில். அதற்கு மருந்து கனமான குண்டு, இல்லையென்றால் குறைந்த வேகம்.

ஸ்டீலை விடவே கூடாதவர்களும் உண்டு. கடலில் சால்மன் பிடிக்கும் பலர் கேபிள் வழியாகச் சிறு மின்னழுத்தம் கொடுத்து மீனை ஈர்க்கிறார்கள். பிரெய்டு மின்சாரம் கடத்தாது, அந்த முறை இதில் நடக்காது. சில எலெக்ட்ரிக் டவுன்ரிகர்களில் குண்டு மேலே வந்ததும் தானாக நிற்பதற்கும் கேபிளின் மின்கடத்தல்தான் ஆதாரம். உங்கள் மாடல் அப்படியா என்று பார்க்காமல் நூலை மாற்றினால், குண்டு கம்பத்தில் மோதிவிடும்.

எதைப் போட்டாலும் வெட்டும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குண்டு அடியில் மாட்டி, நீரோட்டம் படகைத் தள்ளும்போது பின்பக்கம் அமுங்கத் தொடங்கும், யோசிக்க நேரம் இருக்காது. பிரெய்டுக்குக் கூரான கத்தி போதும். ஸ்டீலுக்குக் கேபிள் கட்டர் வேண்டும், கத்தி அதில் ஏறாது.