போனிலா, நேரிலா?

பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதை மறக்கக் குடித்துக் குடியில் மாட்டிக்கொண்ட காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் உதவியைப் போனில் கேட்பதா, நேரில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்பதா?

செலவு: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். சிவகங்கை அரசு மருத்துவமனைக்குப் பஸ் காசோடு ஒரு நாள் கூலியும் போகும்.

ரகசியம்: "எங்க ஆச்சி கிளம்பிட்டீங்க?" என்று பஸ் ஸ்டாண்டிலேயே கேட்கும் ஊர் இது. போனில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வீட்டு வளவில் பேசினால் நாலு பேர் காதில் விழும், மாடிக்குப் போய்விடுங்கள்.

பாதுகாப்பு: தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்புகூட வரலாம். இதற்குப் போன் போதவே போதாது, ஆஸ்பத்திரிதான். அங்கே பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லாதவருக்குப் போன் நல்லது. முடியாவிட்டால் பாதியிலேயே வைத்துவிடலாம். காலையில் குடிக்காமல் கை நடுக்கம் நிற்காதவர் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், போன் அப்புறம்.