பார்சிலோனாவில் கோடைக்கு அறை எடுக்கிறீர்களா? 1400 யூரோ இழந்தவன் சொல்கிறேன்

அறை பிடித்த இணையதளத்திடமிருந்து இன்று காலைதான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." கூடவே, எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அட்வான்ஸாகக் கொடுத்த 1400 யூரோ போய்விட்டது. நம்ம காசில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல்.

கம்பெனி வேலையாக ஜூன் 3-ஆம் தேதி போய் ஆகஸ்ட் 29-ஆம் தேதி திரும்பினேன். மொத்தம் 88 நாள். ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான் தங்கலாம். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், என்னை ஏமாற்றியவன் அதை நன்றாகவே நினைவில் வைத்திருந்தான்.

ஆபீஸ் போப்லெனோ பகுதியில். அறை பார்சலோனெட்டாவில், பழைய மீனவர் குடியிருப்பு. சந்து சந்தாகத் தெரு, பால்கனிக்குப் பால்கனி துணி காயும், நடுவில் ஒரு கீற்றாகக் கடல். வாடகை அறைகளுக்கென்றே இருக்கிற ஒரு இணையதளத்தில் பிடித்தேன். மாதம் 700 யூரோ, புக்கிங் கட்டணம் தனி. அட்வான்ஸ் இரண்டு மாத வாடகை, 1400. அதை அங்கே ஃபியான்சா என்கிறார்கள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்காரர் என்னை ஒரு பாருக்குக் கூட்டிப்போனார். சாப்பாட்டுக்கு முன்னால் வெர்முத் குடிப்பது அங்கே ஞாயிற்றுக்கிழமை வழக்கம். மூலிகை போட்ட கருஞ்சிவப்பு ஒயின், ஒரு துண்டு ஆரஞ்சு, ஒரு ஆலிவ் காய். அதோடு பொம்பா வாங்கிக்கொடுத்தார். அந்தப் பேட்டையிலேயே பிறந்த பண்டம். உருளைக்கிழங்கு போண்டா மாதிரி உருண்டை, உள்ளே கொத்துக்கறி, மேலே பூண்டு மணக்கிற வெள்ளைச் சட்னி, அதற்கு மேல் காரமாகச் சிவப்பு. வீட்டை விட்டு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. காரமாக ஒரு வாய் சாப்பிட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

பேச்சோடு பேச்சாக, "திரும்பிப் போகிற ஃப்ளைட் எப்போ?" என்று கேட்டார். ஆகஸ்ட் 29, இரவு என்றேன். அக்கறையாக விசாரிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். "கடற்கரையில் பையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள், இங்கே திருட்டு அதிகம்" என்றும் சொன்னார். பிறகு அட்வான்ஸ் பேச்சு. இணையதளம் வழியாகப் போட்டால் கமிஷன் பிடிப்பார்கள், இந்தியக் கார்டுக்கு வேறு பிடித்தம் போகும், ரொக்கமாகக் கொடுத்துவிடு, போகும்போது ரொக்கமாகவே வாங்கிக்கொள் என்றார். மூன்று நாளில் ஏடிஎம்மில் 500, 500, 400 என்று எடுத்து, அதே பாரில், அதே மேசையில் வைத்துக் கொடுத்தேன். ரசீது கேட்டேன். "த்ரான்கீலோ" என்றார். கவலையை விடு, நிதானமாக இரு என்று அர்த்தம். அன்று ராத்திரி அம்மா போனில் முதலில் கேட்டதே "ரசீது வாங்குனியா கண்ணு?" என்றுதான். வாங்கிக்கலாம்மா, நல்ல மனுசன் என்றேன். மனசு கேட்காமல், 1400 யூரோ கொடுத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் மட்டும் போட்டேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. இன்றைக்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தக் கட்டைவிரல்தான்.

அந்த ஊர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கடலோரமாகவே நடந்து வேலைக்குப் போவேன், நோவா இக்காரியா, பொகதெல் கடற்கரைகளைத் தாண்டி. 1992 ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் அங்கெல்லாம் தொழிற்சாலையும் ரயில் பாதையும்தான் கடலை மறைத்துக்கொண்டிருந்தனவாம். ஜூன் 23 இரவு சான் ஜோவான் திருவிழா. மணலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, விடிய விடியப் பட்டாசு, தீபாவளியேதான். யாரென்றே தெரியாத ஒரு பாட்டி, பழம் பதித்த இனிப்பு ரொட்டியில் ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தார். மணல் ஓரத்துக் குடிசை பார்களில் ஒரு பீரோடு இருட்டும்வரை உட்காருவேன். 88 நாளில் கடற்கரையில் ஒரு செருப்புகூடத் தொலையவில்லை. தொலைந்தது எல்லாம் பையைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொன்னவரிடம்தான்.

கிளம்புகிற நாள் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார், எல்லாம் சரி என்றார், சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அட்வான்ஸ்? கையில் அவ்வளவு ரொக்கம் இல்லை, பத்து நாளில் பேங்கில் போட்டுவிடுகிறேன், த்ரான்கீலோ. எனக்கு ஏர்போர்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கட்டிப்பிடித்து வழியனுப்பினார்.

பதினோராம் நாள் கேட்டேன். கணக்குப் பார்க்கிறவர் லீவில் இருக்கிறார் என்றார். ஆகஸ்டில் பாதி ஊர் லீவில் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்போது செப்டம்பர் ஒன்பது! பதினைந்தாம் நாள் ப்ளூ டிக் மட்டும். பதினேழாம் நாள் இரண்டு போட்டோ அனுப்பினான். (இனிமேல் அவர் இவர் என்று எழுத எனக்கு வரவில்லை.) மெத்தையில் கறை, பால்கனி ஷட்டரின் இழுப்புப் பட்டை அறுந்திருக்கிறது, இரண்டுக்குமாக 1400 சரியாகப் போய்விட்டதாம்.

அந்தப் பட்டை நான் குடிபோன நாளே அறுந்துதான் இருந்தது. நானே காட்டினேன், ஆள் விட்டுச் சரிசெய்கிறேன் என்றான். தேடித் தேடிப் பார்த்ததில் ஒரு போட்டோ கிடைத்தது. ஜூன் 3 சாயங்காலம், பால்கனியிலிருந்து கடல் தெரிகிறது என்று அம்மாவுக்கு அனுப்பியது. படத்தின் இடது மூலையில் பட்டையின் பிய்ந்த நுனி தொங்குகிறது. சாம்பல் நிறம், நூல் நூலாக. அதை வட்டம் போட்டு அவனுக்கும் அனுப்பினேன், இணையதளத்துக்கும் அனுப்பினேன்.

அவன் என்னை பிளாக் செய்துவிட்டான். இணையதளம் நான்கு மெயில் அனுப்பியது, நான்கிலும் ஒரே வாசகம். எங்கள் வழியாகச் செலுத்தாத பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. சரி, புக்கிங் கட்டணம் வாங்கினீர்களே, அந்த ஆளைச் சரிபார்த்தவர் என்று பச்சை முத்திரை குத்திவைத்திருந்தீர்களே, அது எதற்கு? அதற்குப் பதிலே இல்லை.

ஸ்பெயினில் 2000 யூரோவுக்குள் இருக்கிற வழக்குக்கு வக்கீல் கட்டாயமில்லையாம். இருந்து என்ன, நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். விசாவும் முடிந்துவிட்டது. ஃப்ளைட் தேதியை அவன் ஏன் முதல் ஞாயிற்றுக்கிழமையே கேட்டான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. திரும்பி வர முடியாத ஆளாகப் பார்த்துத்தான் பொம்பா வாங்கிக்கொடுத்திருக்கிறான்.

என்னென்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், மனசு நிலையாக இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் போடும்போது, ஃபியான்சாவை இன்காசோலில் கட்டுவீர்களா என்று கேளுங்கள். பார்சிலோனா இருக்கிற கத்தலோனியா மாகாணத்தில் அட்வான்ஸைக் கட்டி வைக்கிற அரசு நிறுவனம் அது. அந்தப் பெயரைச் சொன்னதுமே பேச்சை மாற்றினால் வேறு அறை பாருங்கள். குடிபோன அன்றைக்கே மூலை முடுக்கெல்லாம் வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். பணம் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஃப்ளைட் தேதியைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

சற்றுமுன் பார்த்தேன், அந்த அறை மறுபடி விளம்பரத்தில் வந்திருக்கிறது. அக்டோபரிலிருந்து காலி, வெளிநாட்டு மாணவர்களுக்கு ஏற்றது, வாடகை 750. பச்சை முத்திரை அப்படியே இருக்கிறது. நம்ம பிள்ளைகள் யாராவது பார்சலோனெட்டாவில் அறை பேசிக்கொண்டிருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்னால் எனக்குத் தனியாக எழுதுங்கள். தெருவும் மாடியும் சொல்கிறேன்.