கிளப் நண்பர்கள் கட்டிய டைமிங் வேன்: வாடகைக்கு எடுத்தவனின் விமர்சனம்

நம்ம குமரி மாவட்டத்தில் ஆட்டோகிராஸ் (மைதானத்தில் தடம் போட்டு ஒவ்வொரு காராக ஓட்டி நேரம் பார்ப்பது), ஸ்பிரிண்ட் (குறுகிய தூரத்தை நேரம் பார்த்து ஓட்டுவது), மண் தடத்தில் நேரப் போட்டி என்று எதையாவது நடத்தும் எண்ணம் இருந்தால், மைதானம் முடிவான கையோடு போட்டிக்கு நேரம் எடுத்து ரிசல்ட் தருகிற இந்த டைமிங் வேனுக்குச் சொல்லிவையுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் நண்பர்கள் சேர்ந்து நடத்திய ஆட்டோகிராஸுக்கு நாங்கள் இதைத்தான் எடுத்தோம். ரிசல்ட் சொன்ன பிறகு மேசையைச் சுற்றி நின்று யாரும் கத்தாத முதல் போட்டி எங்களுக்கு அதுதான். அதனாலேயே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வண்டி. சுற்றுலாவுக்கு ஓடிய பழைய மோட்டார்ஹோம் அது. சினிமா ஷூட்டிங்குக்கு வரும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள், அதைவிடச் சின்னது, டெம்போ டிராவலர் சேசிஸில் பாடி கட்டியது. உள்ளே கட்டில், சமையல் மேடை, டாய்லெட் எல்லாம் இருந்திருக்கிறது. கடற்கரையோரம் உப்புக் காற்றில் கேட்பாரற்று நின்று, தரைத் தகடு துருவேறி, கூரை ஒழுக ஆரம்பித்து, கிட்டத்தட்ட ஆக்கர் (பழைய இரும்பு) விலைக்குத்தான் இதைக் கட்டிய கிளப்புக்குக் கிடைத்தது என்றார்கள். கிளப்பில் யாருக்கும் வண்டி கட்டுவது தொழில் இல்லை. லேத் பட்டறை வைத்திருப்பவர், எலக்ட்ரீசியன், பாலிடெக்னிக் வாத்தியார், ரப்பர் ஷீட் வியாபாரி, அப்புறம் காலேஜ் பசங்க. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்த ராத்திரிகளிலும் சம்பளம் வாங்காமல் செய்த வேலை.

கூரையை அவர்கள் சரிசெய்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பஸ் பாடி கட்டுகிற இடத்தில் கேட்டால் மேல் தகட்டையே கழற்றி மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் குளச்சல் பக்கம் வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுகிற ஒருவரைக் கூட்டிவந்து, துருவைச் சுரண்டி, ஃபைபர் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே ஜெல்கோட் அடித்துவிட்டார்கள். கடலில் மிதக்கும் வள்ளத்துக்குள் தண்ணீர் புகாமல் ஒட்டத் தெரிந்தவருக்கு வேன் கூரை என்ன பெரிய விஷயம்! நான் பார்த்தபோது உள்கூரை பிளைவுட்டில் ஈரக்கறை எதுவும் இல்லை.

வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.சி.யிலும் அது ஏற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பற்றியதுதான். அந்தப் பேப்பர் வேலையையும் முடித்துவைத்திருக்கிறார்கள். நான் கேட்காமலேயே ஃபைலை எடுத்துக் காட்டினார்கள். வாடகைக்கு எடுக்கிறவருக்கு இது முக்கியம், ஏனென்றால் வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டால் நம்ம போட்டி அன்றைக்குக் காலையிலேயே தடுமாறிவிடும்.

உள்ளே போனால் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது உடனே தெரியும். நம்ம நாட்டு வண்டிகளில் ஏறும் கதவு இடதுபக்கம் இருக்கும். அதனால் நேரம் பார்க்கிற பெரிய கண்ணாடி ஜன்னலை வலதுபக்கம் வெட்டியிருக்கிறார்கள். வலதுபக்கம் ஃபினிஷ் கோட்டைப் பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்தினால், கதவும் ரிசல்ட் ஒட்டும் பலகையும் தடத்துக்கு எதிர்ப்பக்கம் வந்துவிடும். ரிசல்ட் பார்க்க வரும் கூட்டம் தடத்துப் பக்கமே போகாது. பார்க்கச் சின்ன யோசனைதான். ஆனால் தடத்தோரம் கூட்டத்தை விலக்கியே தொண்டை கட்டிப்போன எங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போட்டி நடத்தியவர்களுக்குப் புரியும்.

ஜன்னலை ஒட்டி நீள மேசை, மூன்று பேர் உட்காரலாம். ஒருவர் டைமரும் லேப்டாப்பும் பார்க்கிறார், ஒருவர் வண்டி எண்ணைச் சொல்லிக் கையால் தாளில் எழுதுகிறார், மூன்றாமவர் வாக்கிடாக்கியில் மார்ஷல்களிடமிருந்து (தடத்தோரம் நின்று கவனிக்கிறவர்கள்) கோன், அதாவது தடத்தைக் காட்ட வைக்கும் கூம்பு, விழுந்த கணக்கை வாங்குகிறார். மேல் கட்டிலைப் பிரிக்காமல் கேபிள் டிரம் வைக்கும் பரணாக்கிவிட்டார்கள். சமையல் மேடை போய்விட்டது. சாயாவும் பழம்பொரியும் கதவுக்கு வெளியே, மேசைக்குக் கொண்டுபோக யாருக்கும் அனுமதியில்லை, எனக்கும்தான். டாய்லெட்டை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டியோடு. பொட்டல் மைதானத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கிற பெண் தன்னார்வலர்களுக்கு அது எவ்வளவு அவசியம் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அதைப் பிடுங்கி எறியாததற்கே இவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

சரி, நேரம் எடுக்கிற விஷயத்துக்கு வருவோம். முன்பெல்லாம் எங்கள் போட்டியில் ஒருவர் கொடி ஆட்டுவார், இன்னொருவர் ஸ்டாப்வாட்ச் அமுக்குவார். மனிதக் கண் பார்த்து விரல் அமுக்க 0.2 விநாடி போய்விடும், அது ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்கே மத்தியான வெயிலில் மாறும். மணிக்கு 72 கிலோமீட்டரில் வருகிற கார் விநாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. அப்படியென்றால் அந்த 0.2 விநாடியில் கார் 4 மீட்டர் தாண்டியிருக்கும், ஒரு கார் நீளம்! முதல் மூன்று இடத்துக்குள் வித்தியாசமே அரை விநாடிதான் என்கிறபோது இதை வைத்துக் கோப்பை கொடுத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

இந்த வேனில் ஸ்டார்ட்டிலும் ஃபினிஷிலும் இன்ஃப்ராரெட் கதிர் வைக்கிறார்கள். தடத்தின் ஒரு பக்கம் கதிர் அனுப்புகிற கருவி, எதிர்ப்பக்கம் அதை வாங்குகிற கருவி. காரின் மூக்கு கதிரை வெட்டினால் டைமர் பதிவு செய்யும். பச்சை விளக்கு எரிந்தவுடன் கடிகாரம் ஓடாது, கார் ஸ்டார்ட் கதிரைத் தாண்டினால்தான் ஓடும், அதனால் விளக்கைப் பார்த்து அரை நொடி திகைத்தவருக்கு நஷ்டமில்லை. பதிவு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும். அதே 72 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் கார் நகர்வது 2 சென்டிமீட்டர்தான்.

ஆரல்வாய்மொழிக் காற்றை நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. ஆடி மாதம் அங்கே டிரைபாடு வைத்தால் நிற்குமா? இவர்கள் இரும்புக் குழாயைத் தரையில் அடித்து இறக்கி, அடியில் மண் மூட்டை அடுக்கி, அதன் மேல்தான் கருவியை மாட்டினார்கள். அடுத்த தொல்லை புழுதி. செம்மண் புழுதி கெட்டியாகக் கிளம்பினால் கதிரை மறைத்து, வராத காரை வந்ததாகப் பதிவு செய்துவிடும். அதற்காகப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதிர் வைத்து, இரண்டும் சேர்ந்து வெட்டுப்பட்டால்தான் கணக்கு என்று அமைத்திருக்கிறார்கள். ஒருமுறை வெட்டுப்பட்டபின் கொஞ்ச நேரத்துக்கு அடுத்த பதிவை எடுக்காது, அதனால் பின்சக்கரமும் பம்பரும் தனிக் காராகக் கணக்கில் வராது. இதற்கு மேல் வேறொரு டைமர், வேறு கதிர், வேறு பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கும் மேல் பழைய ஸ்டாப்வாட்ச் பிடித்து ஒரு அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். மூன்றையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பார்க்காமல் அடுத்த காரை விடுவதில்லை.

கரண்ட் விஷயத்திலும் நல்ல புத்தி. டைமர் எதுவும் நேரடியாக ஜெனரேட்டரில் ஓடாது. எல்லாம் பேட்டரியில் ஓடும், ஜெனரேட்டரின் வேலை பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது மட்டும்தான். நடுவில் ஜெனரேட்டர் இருமி நின்றாலும் கடிகாரம் நிற்காது. எங்கள் போட்டியில் உண்மையிலேயே பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது, ஃபேன் நின்றதால்தான் எனக்கே தெரிந்தது, ரிசல்ட்டில் ஒன்றும் ஆகவில்லை. வெளியே போகும் ஒவ்வொரு கனெக்டரிலும் வாசலின் தடவி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டிருக்கிறார்கள். கடற்காற்றில் செம்பு எவ்வளவு சீக்கிரம் பச்சை பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல ஓட்டுநர், ரிசல்ட்டைப் பார்த்ததும் முகம் சிவந்து கதவுக்கு வந்தான். “அண்ணாச்சி, நான் அவனைவிட வேகமாத்தான் வந்தேன், எனக்கு எப்படி அஞ்சு விநாடி கூடுச்சு?” என்றான். உள்ளே இருந்த அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை. “ஏறி வா மக்கா, நீயே பாரு” என்று அவனைக் கூப்பிட்டு, பிரிண்டரில் வந்த சீட்டை முன்னால் வைத்தார். முதல் டைமர், இரண்டாவது டைமர், ஸ்டாப்வாட்ச், மூன்றும் வரிசையாக இருந்தன. கீழே மூன்றாவது வளைவின் மார்ஷல் கொடுத்த குறிப்பு, கோன் ஒன்று விழுந்தது, அதற்கு எங்கள் விதிப்படி 5 விநாடி. பையன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தான். “கோன் விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை அண்ணாச்சி. செரி, ஓட்டம் வேகந்தான, அது போதும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அடுத்த சுற்றில் கோன் எதையும் தொடாமல் வந்தான். இந்த ஒரு சீட்டுக்காகத்தான் நான் காசு கொடுத்தேன் என்றே சொல்வேன்.

குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். உள்ளே வெக்கை தாங்க முடியவில்லை. பழைய ஏசி போய்விட்டது, ஃபேன் மட்டும்தான், கண்ணாடி ஜன்னலோ பெரிசு. மத்தியானம் மேசையில் இருந்தவர்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். நேரம் பார்க்கிறவர் சோர்ந்தால் கருவி இருந்தும் பிரயோஜனமில்லை, ஆகவே அடுத்த செலவு ஏசிக்குத்தான் போக வேண்டும். கதவுப் படி உயரம் அதிகம், வயதானவர்கள் ஏறத் தடுமாறுகிறார்கள். பின்பக்கம் மாட்டியிருக்கும் எல்.இ.டி. பலகை வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை, கடைசியில் பலகையில் ஒட்டிய தாளைத்தான் எல்லோரும் படித்தார்கள். வண்டி உயரம் என்பதால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் பலாக் கிளையும் தாழ்ந்த கேபிளும் இடிக்கும். முதல்நாளே ஒருவர் வழியைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பெரிய குறை ஒன்று. பத்துப் பதினைந்து பைக் ஒன்றாகப் பாய்கிற மோட்டோகிராஸுக்கு இந்த வண்டியைக் கூப்பிடாதீர்கள். கதிர் வெட்டுப்பட்டது என்று மட்டும்தான் கருவிக்குத் தெரியும், வெட்டியது யார் என்று தெரியாது. அதற்கு ஒவ்வொரு வண்டியிலும் தனி எண்ணைச் சிக்னலாக அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் கருவியும், தடத்துக்கு அடியில் லூப் கம்பியும், அதைப் படிக்கிற டிகோடரும் வேண்டும். சென்னைக்குப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை மாதிரி நிரந்தரத் தடங்களில் நடப்பது அப்படித்தான். அது விலை கூடிய சமாச்சாரம். கிளப்புக்கு வாங்கும் ஆசை இருக்கிறது, கையில் காசு இல்லை. கேட்டபோது “இப்போதைக்கு எங்களால் முடியாது” என்று நேராகவே சொன்னார்கள். பொய் சொல்லி புக்கிங் வாங்குகிறவர்கள் நடுவில் இது பெரிய விஷயம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நடந்த ஸ்பிரிண்டுக்கும் இதே வேன் போனதைப் பார்த்தேன். அங்கே ஸ்டார்ட் ஒரு இடம், ஃபினிஷ் வேறு இடம், நடுவில் மரங்கள், ரேடியோவை நம்ப முடியாது. இரண்டு முனையிலும் தனிக் கடிகாரம் வைத்து, இரண்டையும் ஜி.பி.எஸ். நேரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.072 விநாடி விலகிவிடும். அதனால் ஒவ்வொரு இடைவேளையிலும் திரும்பச் சேர்க்கிறார்கள். மழையில் ரெயின்கோட்டோடு கல்லூரிப் பெண் ஒருத்தி கடிகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜி.பி.எஸ். சிக்னலுக்காக வெட்டவெளி தேடிப் போய், சரியாகச் சேர்ந்தது என்று உறுதியான பிறகே திரும்பி வந்தாள்.

வாடகை என்று பெரிதாக இல்லை. டீசல், ஆட்களுக்குச் சாப்பாடு, பராமரிப்புக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். அவர்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், அது பேட்டரிக்கும் ஏசிக்கும்தான் போகும். போட்டிக்கான மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு அனுமதி, ஆம்புலன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் நம்ம பொறுப்பு, வேன் வந்ததால் அது குறையாது. மைதானத்தின் படத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஃபினிஷ் கோட்டுக்குப் பக்கத்தில் வேன் நிற்கச் சமதளமும், வெளியே நான்கு பேர் உட்கார நிழலும் ஒதுக்கிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வண்டி பட்டறையில் இருக்கும், வயரிங் முழுக்கப் பிரித்துப் பார்க்கிற நேரம் அது, ஆகவே தேதியை அதற்கு முன்னாலோ தை மாதத்துக்கு அப்புறமோ வைத்துக்கொள்ளுங்கள்.